'ஸெல்ஃப் ஹார்ம்' என்கிறார்களே, அப்படியென்றால்?

இங்கிலீஷ் வார்த்தைகள் நம் வீட்டுக்குள் நுழைகிற விதமே தனி. முதலில் 'டென்ஷன்' வந்தது. இப்போது பால் பொங்கி வழிந்தால்கூட நமக்கு டென்ஷன்தான். அதன் பின்னாலேயே 'ஸ்ட்ரெஸ்' வந்தது, 'டிப்ரஷன்' வந்தது. அர்த்தம் முழுசாகத் தெரிகிறதோ இல்லையோ, எல்லோரும் தாராளமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறோம். இந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்திருப்பது 'ஸெல்ஃப் ஹார்ம்'. பள்ளிக்கூடத்திலிருந்து வருகிற சர்க்குலரில் இருக்கிறது. பேப்பரில் வருகிறது. வயசுப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும்போதும் காதில் விழுகிறது.

டென்ஷனை அரைகுறையாகப் புரிந்துகொண்டால் ஒன்றும் குடி முழுகிப் போகாது. ஆனால் இந்த வார்த்தையை அரைகுறையாகப் புரிந்துகொண்டால், நம் வீட்டுப் பிள்ளை படுகிற வேதனை நம் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். அதனால்தான் இதைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. நான் டாக்டர் இல்லை, இங்கிலீஷ் டீச்சரும் இல்லை. ப்ளஸ் டூ வரை படித்த குடும்பப் பெண். என் அக்கா மகள் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கிறாள். அவளைத் துளைத்தெடுத்துக் கேட்டதையும், பிறகு தேடிப் படித்துச் சரிபார்த்ததையும் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

மூன்று அம்மாக்கள், மூன்று அர்த்தம்

போன வருஷம் எங்கள் ஊரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். பேசப்போகிற விஷயங்களின் பட்டியலில் 'ஸெல்ஃப் ஹார்ம்' என்று ஒரு வரி இருந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாக்கள் மெதுவாகப் பேசிக்கொண்டார்கள்.

"சாப்பிடாம பட்டினி கிடந்து உடம்பைக் கெடுத்துக்கறாங்களே, அதைச் சொல்றாங்க போல" என்றார் ஒருவர்.

"அதெல்லாம் இல்லீங்க. தற்கொலைன்னு வாய் விட்டுச் சொல்ல முடியாம, நாசூக்கா இங்கிலீஷ்ல போட்டிருக்காங்க" என்றார் இன்னொருவர்.

மூன்றாமவர், "லவ் பண்ற பசங்க கையில பேரைக் கீறிக்கறாங்களே, அந்தக் கூத்துதான்" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் போன் செய்தபோது இதைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. "சித்தி, இங்க இங்கிலீஷ்காரங்களே இப்படித்தான் ஆளுக்கு ஒண்ணா புரிஞ்சு வச்சிருக்காங்க. நீங்க சொன்ன மூணு பேரும் கொஞ்சம் கொஞ்சம் சரி, கொஞ்சம் கொஞ்சம் தப்பு" என்றாள்.

'ஸெல்ஃப்' என்றால் தான், 'ஹார்ம்' என்றால் தீங்கு. நம் பத்திரிகைகளில் 'சுய தீங்கு' என்று போடுகிறார்கள். அப்படி நேராக அர்த்தம் எடுத்தால், சுருட்டுப் பிடிக்கிற தாத்தாவும், சர்க்கரை வியாதியை வைத்துக்கொண்டு ஜாங்கிரி சாப்பிடுகிற பெரியம்மாவும்கூட இதில் சேர வேண்டும். ஆனால் அந்த அர்த்தத்தில் இந்தச் சொல் வழங்குவதில்லை. மனசில் தாங்க முடியாத ஏதோ ஒன்று இருந்து, அதனால் ஒருவர் தெரிந்தே தன் உடம்பைக் காயப்படுத்திக்கொள்வதற்குத்தான் இந்தச் சொல் வழக்கத்தில் நிற்கிறது.

ஆஸ்பத்திரி அர்த்தம் ஒன்று

பிரிட்டனில் எந்த நோய்க்கு எப்படிச் சிகிச்சை செய்ய வேண்டும் என்று டாக்டர்களுக்கு வழிமுறை எழுதிக் கொடுக்கிற 'நைஸ்' என்ற அரசு அமைப்பு இருக்கிறது. 2004-ல் அது ஸெல்ஃப் ஹார்ம் பற்றி ஒரு வழிமுறை வெளியிட்டது. 2022-ல் அதைப் புதுப்பித்தது. அதன்படி ஒருவர் தன்னைக் காயப்படுத்திக்கொண்டாலும், மாத்திரையையோ விஷத்தையோ தானாக உட்கொண்டாலும், இரண்டுமே ஸெல்ஃப் ஹார்ம்தான். சாக வேண்டும் என்று செய்தாரா, வேதனை தாங்காமல் செய்தாரா என்பதை வைத்துப் பெயர் மாறுவதில்லை.

ஏன் அப்படி என்று கேட்டேன். "சித்தி, அந்த நிமிஷத்துல அவங்களுக்கே சரியா தெரியாது. சாகணும்னும் இருக்கும், வேண்டாம்னும் இருக்கும். காலையில ஒண்ணு சொல்வாங்க, சாயங்காலம் ஒண்ணு சொல்வாங்க. நாங்க முதல்ல உயிரையும் காயத்தையும் பாக்கணும், அப்புறம் உக்காந்து பேசணும். வாசல்லயே வழக்கு விசாரிச்சா எப்படி?" என்றாள். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது.

குடிப்பழக்கத்தால் வருகிற கேடு, மனநோயாகவே வருகிற பட்டினி, உடம்பில் குத்திக்கொள்கிற நகை இவை எல்லாம் இந்தக் கணக்கில் சேராது என்றும் அந்த வழிமுறையின் பழைய பதிப்புகளில் எழுதியிருந்தார்கள். ஆகவே பட்டினியைச் சொன்ன அம்மா, ஆஸ்பத்திரிக் கணக்குப்படி சரியில்லை. நம் காது குத்து, மூக்குக் குத்து பற்றியும் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை!

தெருவில் வழங்குகிற அர்த்தம் இன்னொன்று

ஆனால் சாதாரணமாக இங்கிலீஷ் பேசுகிறவர்கள் ஸெல்ஃப் ஹார்ம் என்றால் ஆஸ்பத்திரி அர்த்தத்தில் சொல்வதில்லை. ஒரு பள்ளிக்கூடப் பெண் யாருக்கும் தெரியாமல் தன் தோலைக் காயப்படுத்திக்கொள்கிறாள் என்பதுதான் அவர்கள் மனசில் வருகிற முதல் படம். 'சாவதற்காக இல்லை' என்பதும் அந்தப் படத்தோடு சேர்ந்தே வருகிறது. அமெரிக்காவில் மனநோய்களை வகைப்படுத்துகிற பெரிய கையேட்டின் 2013 பதிப்பில், சாகும் எண்ணம் இல்லாமல் செய்துகொள்கிற காயத்துக்குத் தனிப் பெயர் கொடுத்து, இன்னும் ஆராய வேண்டியவை என்ற பட்டியலில் வைத்திருக்கிறார்கள்.

பாருங்களேன், லண்டன் டாக்டர் ஒரு அர்த்தத்தில் சொல்கிறார். தெருவில் போகிறவர் வேறு அர்த்தத்தில் கேட்டுக்கொள்கிறார். 'ஸெல்ஃப் ஹார்ம்தானே, தற்கொலை இல்லையே' என்று பெற்றவர்கள் மூச்சு விட்டுக்கொள்ளும் ஆபத்து இங்கேதான் இருக்கிறது. லண்டனில் 2017-ல் ஒரு 14 வயதுப் பெண் இறந்துபோனாள். செல்போனில் அவள் பார்த்த வேதனையான படங்களும் செய்திகளும் விசாரணையில் வந்தன. 2022 செப்டம்பரில் மரண விசாரணை அதிகாரி தன் முடிவில் 'தற்கொலை' என்ற சொல்லைப் போடவில்லை. மனச்சோர்வாலும் அந்தச் செய்திகளின் கெட்ட விளைவாலும் பாதிக்கப்பட்டிருந்த நிலையில், ஸெல்ஃப் ஹார்ம் செயலால் இறந்தாள் என்றுதான் பதிவு செய்தார். ஆக, உயிர் போனபோதும் அந்தச் சொல்தான் நின்றது. தன்னைக் காயப்படுத்திக்கொள்கிறவர்களில் பெரும்பாலோர் தற்கொலையால் இறப்பதில்லை என்பது நிஜம். ஆனால் மற்றவர்களைவிட அவர்களுக்கு அந்த ஆபத்து அதிகம் என்பதும் நிஜம். இரண்டையும் சேர்த்தே ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயர் மாறி வந்த கதை

இந்தச் சொல் இன்றைய உருவத்துக்கு வரப் பல வருஷம் ஆயிற்று. 1938-ல் கார்ல் மெனிங்கர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் எழுதிய புத்தகத்தில், 'தன்னைத் தானே சிதைத்துக்கொள்ளுதல்' என்று பொருள் தருகிற கடுமையான வார்த்தை இருந்தது. 1969-ல் எடின்பரோவில் நார்மன் க்ரைட்மன் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 'பாரா-ஸூயிஸைட்' என்றார்கள். தற்கொலைக்குப் பக்கத்தில் நிற்பது என்று வைத்துக்கொள்ளலாம். 1979-ல் வந்த ஒரு பிரிட்டிஷ் மருத்துவப் புத்தகத்தின் தலைப்பிலேயே 'டெலிபரேட் ஸெல்ஃப் ஹார்ம்' இருந்தது. அதாவது, வேண்டுமென்றே செய்துகொள்கிற தீங்கு.

அந்த 'வேண்டுமென்றே' நோயாளிகளைக் குத்தியது. நமக்கும் தெரியுமே! 'வேணும்னே பண்றா' என்று ஒருத்தியைச் சொன்னால், அதில் பாதி திட்டு. கஷ்டப்பட்டவர்களே ஆட்சேபம் தெரிவித்தார்கள். 2004 வழிமுறையில் அந்த முன்சொல்லை விட்டுவிட்டார்கள். இப்போது 'ஸெல்ஃப் ஹார்மர்' என்று ஆளுக்கே முத்திரை குத்துவதையும் பலர் தவிர்க்கிறார்கள். சர்க்கரை வியாதி உள்ளவர் என்கிற மாதிரி, 'ஸெல்ஃப் ஹார்ம் செய்கிறவர்' என்றுதான் சொல்கிறார்கள்.

தற்கொலையைப் பற்றிச் சொல்லும்போது இங்கிலீஷில் 'கமிட்' என்ற சொல்லைச் சேர்ப்பார்கள். குற்றத்துக்குச் சேர்க்கிற சொல் அது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1961 வரைக்கும் தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றமாகவே இருந்தது. சட்டம் போய்விட்டது, வார்த்தை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் நாட்டில் 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-வது பிரிவு இதே மாதிரி இருந்தது. 2017-ல் நிறைவேறி 2018 மே மாதம் அமலுக்கு வந்த மனநலச் சட்டம், அப்படி முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகக் கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது, சிகிச்சை தர வேண்டும் என்றது. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்தப் பழைய பிரிவே இல்லை. அரசு ஊழியரை மிரட்டிப் பணிய வைப்பதற்காகச் செய்கிற முயற்சி மட்டும்தான் தனியாகக் குற்றம். போலீஸ் கேஸ் வருமே என்று பயந்து 'தவறுதலா சாப்பிட்டுட்டா' என்று டாக்டரிடம் மறைக்கிற வழக்கம் நம்மிடம் உண்டே, அதை இனி விட்டுவிடலாம். மறைத்தால் வைத்தியம்தான் தப்பாகப் போகும்.

டயானா சொன்னபோது

சாதாரண ஜனங்கள் இதைப் பற்றி வாய் திறந்து பேச ஆரம்பித்ததில் இளவரசி டயானாவுக்கும் பங்கு உண்டு. 1995 நவம்பரில் பி.பி.சி. டெலிவிஷன் பேட்டியில், தன் கைகளையும் கால்களையும் தானே காயப்படுத்திக்கொண்டதாக அவர் சொன்னார். அந்தப் பேட்டியை வாங்கிய விதத்தில் ஏமாற்று இருந்தது என்று 2021-ல் ஒரு விசாரணை அறிக்கை கண்டித்தது வேறு விஷயம். ஆனால் அரண்மனையில் இருக்கிற, உலகமே அழகி என்று கொண்டாடுகிற ஒரு பெண்ணுக்கே இது உண்டு என்றபோது, 'இது கெட்டுப்போன பிள்ளைகள் செய்கிற காரியம்' என்ற பேச்சு கொஞ்சம் அடங்கியது.

அரசியலிலும் அடிபடுகிறது

இங்கிலீஷ் பேப்பர்களில் இந்தச் சொல் வேறு உடுப்பும் போட்டுக்கொள்கிறது. 2016-ல் பிரிட்டன் ஐரோப்பிய யூனியனை விட்டு விலக ஓட்டுப் போட்டபோது, அதை எதிர்த்தவர்கள் 'தேசம் தனக்குத் தானே செய்துகொண்ட ஸெல்ஃப் ஹார்ம்' என்று எழுதினார்கள், பேசினார்கள். 'தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்வது' என்று நாம் சொல்வோமே, அதே அர்த்தம். இளசுகள் தமாஷுக்கும் சொல்வதுண்டு. மோசமான சினிமாவை முழுசாகப் பார்த்தால்கூட ஸெல்ஃப் ஹார்ம் என்பார்கள். இது தப்பு, ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. தமாஷாகவே கேட்டுப் பழகிய காது, ஒரு பிள்ளை நிஜமாகச் சொல்லும்போதும் தமாஷ் என்று நினைத்துவிடக் கூடாது. அவ்வளவுதான்.

நம் தமிழில் ஒரு சிக்கல்

காய் நறுக்கும்போது கத்தி பட்டுவிட்டால் 'கையை வெட்டிக்கிட்டேன்' என்கிறோம். தோசைக்கல் பட்டால் 'சுட்டுக்கிட்டேன்' என்கிறோம். தெரியாமல் பட்டதா, தெரிந்தே செய்ததா என்பது அந்த வார்த்தையில் கிடையாது. கேட்கிறவர்கள் தெரியாமல் பட்டது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். ஒரு பெண் அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொண்டால் எந்த அம்மாவுக்கும் சந்தேகம் வராது. பொய்யும் சொல்லவில்லை, உண்மையும் வெளியே வரவில்லை!

இங்கிலீஷிலும் இதே கதைதான். 'ஐ கட் மைஸெல்ஃப்' என்றால் தெரியாமல் வெட்டிக்கொண்டேன் என்றும் அர்த்தம் வரும். ஆனால் பிள்ளைகள் 'மைஸெல்ஃப்' இல்லாமல் வெறுமே 'ஐ கட்' என்றால், அடிக்கடி தெரிந்தே செய்கிறேன் என்று பொருள். 'ஷி கட்ஸ்' என்று தோழியைப் பற்றிச் சொன்னாலும் அதேதான். நம் ஊரில் 'கட்டிங்' என்றால் சலூன் ஞாபகம் வரும், இல்லாவிட்டால் ஒயின் ஷாப் ஞாபகம் வரும். பிள்ளைகள் பேச்சில் அந்த வார்த்தை வந்தால், எந்தக் கட்டிங் என்று ஒரு நிமிஷம் நின்று கேட்பது நல்லது.

'எல்லாம் நடிப்பு' என்கிறவர்களுக்கு

இங்கிலீஷில் 'அட்டென்ஷன் ஸீக்கிங்' என்று ஒரு பேச்சு உண்டு. பிறர் தன்னைக் கவனிக்க வேண்டும் என்று செய்கிறாள் என்பது. நம் வீடுகளில் அதுவே 'நடிக்கிறா', 'பயமுறுத்திப் பாக்கறா', 'ரெண்டு போட்டா சரியாயிடும்' என்று வரும். நான் விசாரித்தவரையில், இப்படிச் செய்கிறவர்களில் நிறைய பேர் அதை மறைக்கத்தான் பார்க்கிறார்கள். வெயில் கொளுத்தும்போதும் முழுக்கைச் சட்டை. கேட்டால் 'பூனை பிறாண்டிடுச்சு' என்று பதில். கவனத்தை இழுக்க நினைக்கிறவள் எதற்காக மறைக்க வேண்டும்?

சரி, கவனிக்க வேண்டும் என்றே செய்தாள் என்று வைத்துக்கொள்வோம். தன்னைக் காயப்படுத்திக்கொண்டால்தான் வீட்டில் யாராவது திரும்பிப் பார்ப்பார்கள் என்ற நிலைமைக்கு ஒரு பிள்ளை வந்திருந்தால், அது திட்டு வாங்க வேண்டிய விஷயமா, கவனிக்க வேண்டிய விஷயமா? 'க்ரை ஃபார் ஹெல்ப்' என்றும் இங்கிலீஷில் ஒரு வார்த்தை உண்டு. உதவி கேட்டு அழுகிற குரல் என்று பொருள். 1961-ல் அமெரிக்காவில் இதே தலைப்பில் ஒரு புத்தகம் வந்தது. முன்னதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் சிலர் இதையும் 'சும்மா கூப்பிடுகிறாள், சாகமாட்டாள்' என்ற அர்த்தத்தில் சொல்லிவிடுகிறார்கள். அது தப்பு.

வீட்டில் தெரிய வந்தால்

அக்கா மகள் சொன்னதையும், மனநல மருத்துவர்கள் பொதுவாகச் சொல்வதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் பதறாதீர்கள், கத்தாதீர்கள், அடிக்கவே அடிக்காதீர்கள். காயம் இருந்தால் முதலில் அதைக் கவனியுங்கள். மாத்திரையோ விஷமோ உள்ளே போயிருந்தால், ஆள் தெளிவாகத் தெரிந்தாலும்கூடத் தாமதிக்காமல் 108-ஐக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சிலவற்றின் கெடுதல் நேரம் கழித்துத்தான் வெளியே தெரியும்.

பிறகு நேராகக் கேளுங்கள். "சாகணும்னு தோணுதாம்மா?" என்று கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடுமோ என்று எல்லா அம்மாக்களும் பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. யாராவது கேட்டார்களே என்று பிள்ளைக்கு மனசு லேசாகிறதாம்.

"இனிமே செய்யமாட்டேன்னு என் தலையில அடிச்சு சத்தியம் பண்ணு" என்று வற்புறுத்தாதீர்கள். சத்தியம் மீறிப்போனால் அடுத்த தடவை உங்களிடம் சொல்லவே மாட்டாள். தினமும் கையைத் திருப்பிக் காட்டச் சொல்லிச் சோதனை போடாதீர்கள். சொந்தக்காரர்களிடம் பரப்பாதீர்கள். மாத்திரை டப்பாவையும், பூச்சி மருந்து போன்றவற்றையும் கைக்கு எட்டாமல் பூட்டி வையுங்கள்.

அப்புறம் டாக்டரிடம் அழைத்துப் போங்கள். மனநல டாக்டர் என்றால் 'பைத்தியம்' என்று பேர் வந்துவிடுமே என்ற பழைய பயம் வேண்டாம். 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த டெலி மானஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம். தமிழிலேயே பேசலாம். சென்னையில் 1986 முதல் நடக்கிற சிநேகா தொண்டு நிறுவனத்தின் எண் 044-24640050. பிள்ளைகளுக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள். இதைப் படிக்கிற உங்களுக்கே மனசு அப்படிப் பாரமாக இருந்தால், நீங்களும் தாராளமாகக் கூப்பிடலாம்.

சகோதரிகளே, இவ்வளவு எழுதியதற்கு ஒரே காரணம்தான். 'ஸெல்ஃப் ஹார்ம்' என்று காதில் விழுந்தால், 'சாவதற்கு இல்லை' என்று நாமாக முடிவு கட்டக் கூடாது. 'செத்துவிடுவாள்' என்று நாமாக அலறவும் கூடாது. அந்த வார்த்தைக்குள் இரண்டும் இருக்கலாம், எது என்று அந்தப் பிள்ளைக்கு மட்டுமே தெரியும், சில சமயம் அதற்கும் தெரியாது. ஆகவே கதவைச் சாத்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, "என்னம்மா பண்ணுது உனக்கு?" என்று நம் பாஷையிலேயே கேட்போம். பதில் வருகிற வரைக்கும் பொறுமையாக இருப்போம்.